திறப்பதற்கு ஒரு நேரம், மூடுவதற்கு ஒரு நேரம்: டெல்டா வகுப்பறையில் மடிக்கணினி

45 நிமிட பீரியடில் மடிக்கணினி உண்மையாக வேலை செய்யும் நேரம் எவ்வளவு? கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் சங்கடமான விடைதான் கிடைக்கும். 40 பிள்ளைகள் வரிசையில் வந்து, பீரோவிலிருந்து எண் பார்த்து எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போக 6 நிமிடம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரம் என்றால் ஆன் செய்து மவுஸ் அம்பு நகரத் தொடங்கும்வரை 3, 4 நிமிடம். கடவுச்சொல் மறந்தவர், சார்ஜ் இல்லாதவர், போன வாரக் கோப்பைத் தேடுகிறவர் என்று இன்னொரு 4 நிமிடம். கடைசியில் மூடி, எண்ணி, திரும்ப அடுக்க 6 நிமிடம். மிச்சம் 25 நிமிடம். அதிலும் ஆசிரியர் விளக்கிச் சொல்லவேண்டிய 10 நிமிடத்தில் திரை திறந்தே இருந்தால் அந்த விளக்கம் யார் காதிலும் ஏறாது.

ஆகவே மடிக்கணினி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைப்பதில் பயனில்லை. எந்த வேலைக்குத் திறக்க வேண்டும், எந்த நிமிடத்தில் மூட வேண்டும், மூடியபின் எங்கே வைக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு பள்ளி முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதோடு கரண்ட், வெயில், கார்த்திகை மழை, உப்புக்காற்று ஆகியவையும் கணக்கில் சேரும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் என லட்சக்கணக்கானோர் கைக்கு இயந்திரம் போனது. கொள்முதலை மாநில அரசின் எல்காட் நிறுவனம் செய்தது. தொடக்ககால இயந்திரங்களில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் போட்டே கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கு முதல் கணினி வீட்டுக்குள் வந்ததே அப்படித்தான். அந்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அது வீட்டுக்குக் கொடுத்த பொருள். எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில், எதற்காகத் திறப்பது என்ற திட்டம் அதோடு வரவில்லை. பல மாணவர்களுக்குப் பிளஸ் டூ முடிந்த பிறகுதான் கைக்கே கிடைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பழைய பாடத்தை மறந்துவிடக் கூடாத நேரம் இது.

இயந்திரத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு தெளிவான சாட்சி. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு: கணினிப் பயன்பாடு கூடியது, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் இல்லை. மறுபக்கம் டெல்லியில், மாணவர் எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலிருந்து கேள்வி கொடுக்கும் மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்குப் பிறகு வகுப்பு நடத்தினார்கள். கார்த்திக் முரளிதரன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல ஏற்றம் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அவன் இருக்கும் இடத்திலிருந்து பயிற்சி கிடைத்ததே அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம். 40 பேருக்கும் தனித்தனி நிலையில் கேள்வி கொடுப்பது ஒரு ஆசிரியரால் முடியாது, இயந்திரத்தால் முடியும். மடிக்கணினியின் முதல் உண்மையான பலம் இதுதான்.

மேட்டூர் கணக்கு: கையில் முதலில், திரையில் பிறகு

இரண்டாவது பலம், கையால் செய்தால் சலித்துப்போகும் அளவு எண்களைப் பிள்ளையே கையாள முடிவது. டெல்டாவில் இதற்கு மேட்டூரை விடப் பொருத்தமான பாடம் கிடையாது. நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் தினமும் செய்தியில் வருகின்றன. பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டுப் பழகிய எண்கள்.

முதல் 15 நிமிடம் மடிக்கணினியின் மூடியைத் திறக்கக் கூடாது. நோட்டும் பேனாவும் போதும். செய்தியில் ஒரு கன அடி திறப்பு என்றால் நொடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஓடுவதாகப் பொருள், ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. மேட்டூரிலிருந்து 12,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் எத்தனை டி.எம்.சி. போகும்? ஒவ்வொருவரும் கையால் பெருக்கி 103 கோடியே 68 லட்சம் கன அடி, அதாவது சுமார் 1.04 டி.எம்.சி. என்ற விடைக்கு வர வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கையால் போடாத பிள்ளைக்கு அடுத்து திரையில் வரும் எதுவும் புரியாது. பொத்தானை அழுத்தினால் எண் வருகிறது என்று மட்டும்தான் தெரியும்.

பிறகு திறக்கலாம். இருவருக்கு ஒரு இயந்திரம். கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருள் போதும், இணையம் வேண்டாம். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் நீர்மட்டம், மூன்றாவதில் வரத்து, நான்காவதில் வெளியேற்றம். ஐந்தாவது பத்தியில் வெளியேற்றத்தை 86,400ஆல் பெருக்கி 100 கோடியால் வகுக்கும் சூத்திரத்தை ஒருமுறை எழுதி, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 30 நாள் கணக்கும் வந்துவிடும். ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர் அடிக்க வேண்டும். 10 நாளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

இங்கே வழக்கமாக வரும் தவறுகள் மூன்று. முதலாவது தேதி. இயந்திரத்தின் மொழி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஐ 12/06 என்று அடித்ததும் அது டிசம்பர் 6 ஆகிவிடும். அடுத்த நாள் 13/06 என்று அடித்தால் 13ஆவது மாதம் இல்லாததால் இயந்திரம் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரைபடத்தில் கோடு தாறுமாறாக ஓடும். பிள்ளை காரணம் தெரியாமல் விழிக்கும். வகுப்புக்கு முன்பே எல்லா இயந்திரங்களிலும் இந்திய அமைப்புக்கு மாற்றி வைப்பது ஆசிரியரின் வேலை. இரண்டாவது, கட்டத்துக்குள் "104.5 அடி" என்று அலகையும் சேர்த்து அடிப்பது. அது எண் அல்ல, எழுத்து. கூட்டலில் சேராது, பிழை என்றும் காட்டாது. மிகவும் ஆபத்தான தவறு இது, ஏனென்றால் தவறான விடை அமைதியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணாக இருந்தால் கட்டத்தின் வலது ஓரத்திலும், எழுத்தாக இருந்தால் இடது ஓரத்திலும் ஒட்டியிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது, ஒரு பூஜ்யம் கூடவோ குறையவோ அடிப்பது. இதற்குத்தான் முதலில் கையால் போட்ட கணக்கு: 12,000 கன அடிக்கு 1.04 வர வேண்டிய இடத்தில் 10.4 வந்தால் கண் உடனே உறுத்த வேண்டும்.

கடைசி 10 நிமிடம் மூடியைப் பாதி சாய்த்து வைத்துவிட்டுப் பேச வேண்டும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் தினமும் 12,000 கன அடி திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? வகுத்துப் பார்த்தால் 90 நாள். குறுவையில் போடும் ஆடுதுறை 43 நெல் ரகத்துக்கு 110 நாள். அணை நிரம்பி வழிந்தாலும் மேலிருந்து வரத்து இல்லாமல் ஒரு போகம் தேறாது என்பதை அப்பா சொல்லிக் கேட்டிருந்த பிள்ளை இப்போது தானே எண்ணில் பார்க்கிறது. 2022இல் மே 24 அன்றே திறந்தது ஏன், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தது ஏன் என்று அடுத்த கேள்வி தானாக வரும். நீர்மட்டத்துக்கும் கொள்ளளவுக்குமான கோடு ஏன் நேராக இல்லாமல் மேலே போகப்போக வளைகிறது என்று ஒருவர் கேட்டால், அணை அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதையும் சொல்லிவிடலாம். எடுத்து வைக்கும் நேரம் போக, 45 நிமிடத்தில் மடிக்கணினி முழுதாகத் திறந்திருந்தது 20 நிமிடம்தான். அந்த 20 நிமிடமும் முழு மதிப்புள்ளவை.

இதற்கு இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. வாரத்தில் நான்கு தனிப் பீரியடை விட, சேர்ந்த இரண்டு பீரியட் ஒருமுறை கிடைப்பது மேல். எடுத்து வைக்கும் 12 நிமிட நட்டம் ஒருமுறையோடு போகும். பெஞ்சுக்கு ஒருவர் போய் எடுத்து வந்தால் அதுவும் பாதியாகும். பழைய இயந்திரமாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் தட்டு இல்லாத வேகமான 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. போடுவது மற்ற எந்தச் செலவையும் விடப் பலன் தரும். அளவு இரண்டரை அங்குலம், அதே இடத்தில் பொருந்தும், திறக்கும் நேரம் நிமிடக் கணக்கிலிருந்து நொடிக் கணக்குக்கு இறங்கும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவு முடிந்துவிட்டதால், 2 ஜிபி ராம் இயந்திரத்தில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடுவதே சரி.

கவனம் எங்கே போகிறது

பாடம் நடக்கும்போது திறந்திருக்கும் திரை அதன் சொந்தக்காரரை மட்டும் கெடுப்பதில்லை. கனடாவில் 2013இல் நடந்த ஒரு சோதனையில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்கள் 11 சதவீதம் குறைவாக மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களின் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்தவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில், கட்டுப்பாட்டுக்குப் பேர்போன மாணவர்களிடத்திலேயே, கணினி அனுமதித்த வகுப்புகளின் தேர்வு மதிப்பெண் அனுமதிக்காத வகுப்புகளைவிடக் குறைந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வகுப்பறைகளில் பெஞ்சுகள் ஒன்றின் பின் ஒன்றாக நெருக்கமாக இருக்கும். முன் பெஞ்சின் ஒரு திரை பின் பெஞ்சின் நான்கு பேர் கண்ணில் படும்.

தீர்வு மரச்சாமான் மாற்றம்தான். கணினி பீரியடில் பெஞ்சுகளைச் சுவரோரம் மூன்று பக்கமும் ப வடிவில் போட்டு, பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நடுவில் நிற்கும் ஆசிரியருக்கு எல்லாத் திரையும் ஒரே பார்வையில் தெரியும். பேச வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்தால் திரைக்கு முதுகு காட்டித்தான் உட்கார முடியும். எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் இந்த அளவுக்கு உதவாது. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் கண் கூசுவதும் குறையும்.

பேனாவும் தமிழ்99உம்

மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அடிக்கிறார்கள், கையால் எழுதுபவர்கள் சுருக்கிப் புரிந்துகொண்டு எழுதுகிறார்கள் என்று 2014இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு மதிப்பெண்ணில் அதே தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. நமக்கு அந்தச் சண்டை அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே பிரச்சினை வேறு: பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழில் அடிக்கவே தெரியாது. பொதுத்தேர்வோ 3 மணி நேரம் பேனாவால் எழுத வேண்டியது. குறிப்பைத் திரைக்கு மாற்றிவிட்டால் எழுதும் வேகம் குறையும், அதன் விலையை மார்ச் மாதத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். குறிப்பு நோட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் அதே பிள்ளை பிளஸ் டூ முடித்து, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதப் போனால் அது கணினித் தேர்வு. எண்விடைக் கேள்விகளுக்குத் திரையில் தெரியும் எண்பலகையை மவுஸால் அழுத்தித்தான் விடை கொடுக்க வேண்டும். வங்கித் தேர்வும் கணினியில்தான். பாடம் தெரிந்தும் மவுஸ் நகர்த்தத் தெரியாமல் ஒரு பிள்ளை பின்தங்குவது கொடுமை. அதற்காகவாவது பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் முழு நீள மாதிரித் தேர்வு ஒன்றைக் கணினியில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

தமிழில் அடிக்கக் கற்றுக்கொடுப்பது தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு; ஒரே மெய் இரண்டாம் முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறை தொடங்க எளிது. ஆனால் பிள்ளை தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தாக நினைக்கப் பழகிவிடும். ற, ர, ல, ள, ழ குழப்பம் கூடும். தினம் 15 நிமிடம் பழகினால் சில வாரங்களில் கை பிடித்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கவே கூடாது. பென் டிரைவில் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லையென்றால், திருவையாறு பற்றிய ஒப்படைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். யூனிகோடில் அடித்தது எங்கேயும் தமிழாகவே திறக்கும்.

சார்ஜ் போடும் இடம்

பள்ளிகள் அதிகம் அலட்சியமாக இருப்பது இதில்தான். 65 வாட் சார்ஜர் 40 என்றால் 2,600 வாட். 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்கு மேல். சாதாரண சுவர்ப் பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது, அதாவது 1,380 வாட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் தலையில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று கோத்துக்கொண்டே போனால் முதல் பெட்டியின் பின் சூடாகிக் கருகும். மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தால் அதிர்ஷ்டம். பழைய ஃப்யூஸில் தடித்த கம்பி சுற்றிவைத்திருந்தால் விழாது, வயர் உருகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. தீ விஷயத்தில் இங்கே யாரும் "பார்த்துக்கலாம்" என்று சொல்லக் கூடாது.

சரியான ஏற்பாடு: மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் இரண்டு தனி 16 ஆம்பியர் லைன், ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொதுவாக. முறைக்கு 20 இயந்திரமாக இரண்டு முறை சார்ஜ். ஆள் இருக்கும் பகல் நேரத்தில் மட்டும், ராத்திரி பூட்டிய அறையில் கூடாது. சார்ஜ் ஏறும்போது இரும்பு பீரோவை மூடி வைக்கக் கூடாது. கதவைத் திறந்து வைக்க வேண்டும் அல்லது மேலும் கீழும் காற்றுத் துளை போட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது கட்டாயம். சார்ஜ் போட்டபடி இயந்திரத்தின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருசுருவென்று இருந்தால் எர்த் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் சொருகுவதும் அதே நிலையில்தான் கொண்டுவிடும்.

மோட்டார்கள் ஓடும் பருவத்தில் வரும் லோ வோல்டேஜ் மடிக்கணினியை அதிகம் பாதிக்காது. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட்வரை வாங்கிக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாளிலும் பேட்டரியில் வகுப்பு நடக்கும். மேசைக்கணினியை விட மடிக்கணினி டெல்டாவுக்குப் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

பேட்டரியைக் கொல்வது கோடை விடுமுறை. ஏப்ரலில் சார்ஜ் தீர்ந்த நிலையில் பீரோவில் பூட்டிவிட்டு ஜூனில் எடுத்தால், பேட்டரி அடிமட்டத்துக்குக் கீழே போய், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மூடிக்கொண்டிருக்கும். பல இயந்திரங்கள் பிறகு சார்ஜே ஏற்காது. முழுதாக ஏற்றி வைப்பதும் வெயிலில் கெடுதல். பாதியளவு ஏற்றி, முழுதாக ஷட்டவுன் செய்து, ஓட்டு அல்லது தகரக் கூரை இல்லாத குளிர்ந்த அறையில் வைத்து, மே மாத நடுவில் ஒருமுறை பார்த்தால் போதும். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ மூடி சரியாக மூடாமல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த இயந்திரத்தை அதற்குமேல் ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். சுவர் ஓதம் ஏறும் அறையில், பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் அரை அடி தள்ளிப் போட வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் ஓட விட்டால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் யு.எஸ்.பி. வாயும் கீலும் பச்சை பூக்கும். திறந்த ஜன்னலுக்கு நேராக வைக்கக் கூடாது. எறும்பும் பல்லி முட்டையும் காற்றுத் துளைக்குள் போவது இங்கே சாதாரணம். பீரோ கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற பழைய சமையலறை வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம், ஈரம் கூடும்.

இணையம் இல்லாமலே

40 பேரும் ஒரே நேரத்தில் காணொளி பார்த்தால், ஆளுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்றாலும் நொடிக்கு 40 மெகாபிட் இணைய வேகம் வேண்டும். வீட்டு உபயோக ரவுட்டர் 20 இயந்திரத்தைத் தாண்டினாலே திணறும். இதோடு விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கினால் வகுப்பு நின்றுவிடும். வைஃபை அமைப்பில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவிட்டால் பெரும்பாலும் அது நிற்கும். மேலான வழி, இணையம் இல்லாமலே பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் திறக்க உதவும் கொலிப்ரி, கிவிக்ஸ் என்ற இரண்டு மென்பொருள்களையும் ஒரு இயந்திரத்தில் நிறுவி அதையே வகுப்பின் நூலகமாக்குவது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் அதில் அடங்கும். மற்ற இயந்திரங்கள் பிரவுசரில் அதைத் திறந்துகொள்ளும். ஃபெட் இயற்பியல் மாதிரிகளையும் கணிதம் வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ராவையும் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16க்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பாடம் முழுவதையும் மேகக்கணினியில் வைக்கும் பள்ளி இதை மறக்கக் கூடாது. அச்சுப் பாடநூல் முதலில், இயந்திரம் அதற்குத் துணை.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்ற கேள்விக்கு, மழை விடுமுறை அதிகம் விழும் இந்த மாவட்டங்களில், கொடுக்கலாம் என்பதே சரியான விடை. இரண்டு நிபந்தனை. ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டக் கூடாது. ஸ்லீப்பில் வைத்துப் பைக்குள் போட்டால் நடுவழியில் விழித்துக்கொண்டு சுழலும், குலுக்கலில் கெடும். முழுதாக ஷட்டவுன் செய்து, முதுகுப் பையில், நோட்டுகளுக்கு நடுவில், பாலித்தீன் உறைக்குள். இரண்டாவது, வீட்டில் அண்ணன் தம்பி கையில் போய் அது நின்றுவிடக் கூடாது. பெண் பிள்ளைக்குக் கொடுத்த இயந்திரத்தில் அவள் அந்த வாரம் செய்த வேலை என்ன என்று திங்கட்கிழமை கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். கோப்பு காலியாக இருந்தால் அவளைக் கடிந்துகொள்வதற்கு முன் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.